நிலம் பார்க்கப் போனோம்

கோடை விடுமுறைக்கு அமெரிக்காவிலுள்ள தம்பி வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஸ்போகேன் நகரில் உத்தியோகம் பார்க்கும் அவனுக்கு, பட்டணவாசத்தை விட்டுக் கிராமாந்தரத்தில் காணி வாங்கிக் குடியேற ஆசை. "வெள்ளமோ, தீயோ எது வந்தாலும் ஒருவர் கையையும் எதிர்பாராமல் பிழைக்கலாம், அண்ணா!" என்றான். சேமித்த பணம் முழுவதையும் அதில் போட இருந்தான். ஆகவே நானும் உடன் புறப்பட்டேன்.

நாங்கள் போனது ஐடஹோ ராஜ்யத்தின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டிய பௌண்டரி கவுண்டிக்கு. கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்ற பிரிவு. ஆனால் 2020 ஜனக்கணக்குப்படி அங்கே சுமார் 12,000 பேர்தான்! 1862-ம் வருஷத்துச் சட்டம், ஐந்து வருஷம் குடியிருந்து உழுபவனுக்கு 160 ஏக்கர் நிலத்தை இனாமாக அளித்தது. அது முன்பே கூட்டனை என்னும் ஆதிகுடிகளின் பூமி என்பதைச் சட்டம் நினைக்கவில்லை. 1974-ல் அந்த ஜனங்கள், அறுபத்தேழு பேரே இருந்தும், ஆயுதமின்றி அமெரிக்கா மீது யுத்தப் பிரகடனம் செய்தார்கள்!

பானர்ஸ் ஃபெரி என்னும் தலைநகரை அடைந்தபோது வைகாசி மாதம். பனி உருகிக் கூட்டனை ஆறு கரை ததும்ப ஓடிற்று. ஆற்றோரம் கோதுமை வயல்கள் பச்சைப் பசேலென்றிருந்தன. தம்பி அங்கேயே மனத்தைப் பறிகொடுத்தான். 1948-ல் இதே பருவத்தில் ஆறு கரையை உடைத்து ஊருக்குள் புகுந்ததாம். 1970-களில் மேலே மாண்டானாவில் லிபி அணை கட்டிய பின் வேகம் அடங்கியிருக்கிறது. அணை இருக்கிறது என்பதற்காக ஆறு தன் பழைய வழியை மறந்துவிடுமா?

மேட்டு நிலத்துக்கு ஏறினோம். வெள்ளப் பயமில்லை. ஆனால் அங்கே ஆழ்குழாய்க் கிணறு. மின்சாரம் இருந்தால்தான் தண்ணீர். பனிப்பாரத்தால் மரம் முறிந்து கம்பி அறுந்தால், கிணறு இருந்தும் தாகந்தான். வாசல் வரையில் ஊசியிலைக் காடு. ஆவணியில் தீப் பிடித்தால் தப்ப ஒரே சரளைப் பாதை. ஊரில் சிறு ஆஸ்பத்திரி உண்டு. பெரிய வைத்தியத்துக்குச் சுமார் எண்பது மைல் தெற்கே போக வேண்டும். தம்பிக்கோ இரண்டு சிறு குழந்தைகள்.

அடுத்த காணிக் கிழவரிடம், "பனியில் பாதை மூடினால் என்ன செய்வீர்கள்?" என்று விசாரித்தேன்.

"பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டரால் வழி செய்வார். அவருக்கு நான் விறகு பிளந்து கொடுப்பேன்" என்றார் அவர்.

தம்பி மௌனமாக நின்றான். ஒருவர் கையையும் எதிர்பாராமல் வாழலாம் என்று வந்தவன் அல்லவா!

திரும்பும் வழியில் அவனே பேச்செடுத்தான். "இந்தக் குளிர்காலத்துக்கு இங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறேன், அண்ணா. தை மாதத்தில் குழந்தைகளோடு இருந்து பார்த்துவிட்டு, அப்புறம் கிரயம் பேசுகிறேன்."

"முதலில் அந்தக் கிழவரிடம் விறகு பிளக்கக் கற்றுக்கொள்" என்றேன்.