லினக்ஸிலிருந்து பக்கத்து விண்டோஸுக்குள் எட்டிப் பார்ப்பது

ஆபீஸில் பத்து கம்ப்யூட்டர். ஒன்பதில் விண்டோஸ், ஒன்றில் மட்டும் லினக்ஸ். கணக்கு ஃபைல்கள் எல்லாம் ஏதோ ஒரு விண்டோஸ் பெட்டியில் ஷேர்ட் ஃபோல்டராகக் கிடக்கின்றன. லினக்ஸ்காரர் என்ன செய்வார்? பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு நடப்பார். சாயங்காலத்துக்குள் ஒரே பேரேட்டுக்கு மூன்று பிரதி. எது கடைசியாகத் திருத்தியது என்று யாருக்கும் தெரியாது. (பி.காம். மக்களுக்கு இந்தத் தலைவலியை விளக்க வேண்டியதில்லை!)

இத்தனைக்கும் அந்த நடையே தேவையில்லை. விண்டோஸ் ஃபைல் பகிரப் பேசும் பாஷைக்கு எஸ்எம்பி என்று பெயர். லினக்ஸுக்கும் அது நன்றாகத் தெரியும். ஒட்டுக்கேட்டுக் கற்றுக்கொண்டது :-)

1991 கடைசியில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். டெக் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் மென்பொருள் ஓடும் பிசியை யூனிக்ஸ் சர்வரோடு பேசவைக்க ஆசைப்பட்டார். கையில் விளக்கப் புத்தகம் எதுவும் இல்லை. வயரில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்து, இந்தக் கேள்விக்கு இந்தப் பதில் என்று பார்த்துப் பார்த்தே ஒரு சர்வரை எழுதி, 1992 ஜனவரியில் வெளியிட்டார். மற்ற பிசிக்களோடும் அது பேசும் என்பது பிறகுதான் அவருக்கே புரிந்தது. பாஷை தெரியாத ஊரில் ஓட்டலில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் என்ன தட்டு வருகிறது என்று பார்த்துக் கற்பது மாதிரி. பிரெஞ்சு கஃபே முறை என்றே அவர் இதற்குப் பெயர் வைத்தார். முதலில் வைத்த பெயருக்கு வேறொரு கம்பெனி உரிமை கோரியதால், எஸ், எம், பி மூன்றும் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடினார். சிக்கியது சாம்பா.

2004-ல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டு, இந்த பாஷையின் விவரங்களைப் போட்டியாளர்களுக்குக் கொடுக்கச் சொன்னது. 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே டிசம்பரில் ஒருமுறைக் கட்டணமாக 10,000 யூரோ வாங்கிக்கொண்டு சாம்பா குழுவுக்கு ஆவணங்கள் தரப்பட்டன. பூட்டி வைத்த சரக்குக்கு இது அடிமாட்டு விலைதான்.

இன்றைக்கு ஒரு ஃபைலை எடுக்க வேண்டுமானால், ஃபைல் மேனேஜரின் முகவரிப் பட்டையில் எஸ்எம்பி என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்து, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு அந்தக் கம்ப்யூட்டரின் பெயரையோ ஐபி எண்ணையோ போட்டால் போதும். யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்கும். அவை அந்த விண்டோஸ் பெட்டியினுடையவை, லினக்ஸினுடையவை அல்ல. பாதிப் பேர் முட்டி நிற்பது இங்கேதான்.

தினமும் வேண்டுமென்றால் சிஐஎஃப்எஸ் மவுண்ட் செய்து, எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வரி சேர்க்கலாம். ஆனால் பாஸ்வேர்டை அந்த வரியில் எழுதக் கூடாது. அந்த ஃபைலை மெஷினில் இருக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ரூட் மட்டும் படிக்கும் தனி ஃபைலில் வைத்து, அதன் இடத்தை மட்டும் குறிக்க வேண்டும். யுஐடி ஆப்ஷனையும் மறந்தால், வந்த ஃபைலெல்லாம் ரூட் பெயரில் நிற்கும். திறக்கலாம், திருத்திச் சேமிக்க முடியாது.

இன்னொரு வினோதம். பிங் ஒழுங்காகப் போகும், மவுண்ட் செய்தால் மட்டும் எதிர் மெஷின் படுத்துவிட்டது என்று செய்தி வரும். அது படுக்கவில்லை. எக்ஸ்பி காலத்துப் பெட்டியோ பழைய ஸ்டோரேஜோ எஸ்எம்பி முதல் பதிப்பை மட்டும் பேசும்போது இப்படி நடக்கும். 2017-ல் வந்த 4.13 கர்னலிலிருந்து லினக்ஸ் தானாக அந்தப் பதிப்புக்கு இறங்கிப் பேசுவதில்லை. வெர்ஷன் 1.0 என்று ஆப்ஷன் கொடுத்தால் உடனே திறந்துவிடும்தான். ஆனால் 2017 மே மாதம் வானாக்ரை பிரிட்டன் ஆஸ்பத்திரிகள் வரை புகுந்தது விண்டோஸின் அதே முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே ஒட்டுப் போட்டிருந்தும், போட்டுக்கொள்ளாத மெஷின்கள் மாட்டின. பழைய பெட்டியில் இருக்கும் ஃபைல்களை ஒரே தடவை வெளியே எடுத்துவிட்டு, அதன் நெட்வொர்க் கேபிளை உருவிவிடுவது நல்லது.