எக்ஸ்ட்ரா சார்!

வீடு கட்டுகிறவரை எல்லாரும் கேட்பது, 'சதுர அடி என்ன ரேட்?' 2,500 என்றால், ஆயிரம் சதுர அடிக்கு 25 லட்சம் என்று மனக்கணக்குப் போட்டு பேங்க்குக்கு ஓடுகிறோம். அந்த ரேட்டில் பெரும்பாலும் சம்ப், செப்டிக் டேங்க், போர்வெல், காம்பவுண்ட் சுவர், பிளான் அப்ரூவல் எதுவும் சேர்த்தி இல்லை. 'அதெல்லாம் எக்ஸ்ட்ரா சார்' என்று கான்ட்ராக்டர் வாய் திறக்கும்போது சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்திருக்கும். பேங்க்கோ, வேலை முடிந்த அளவுக்குத்தான் பணம் விடும். குடிபோகும்வரை வாடகையும் வட்டியும் சேர்த்துக் கட்டணும். 2025 செப்டம்பரில் சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. அந்த மிச்சத்தை டைல்ஸ் கடை பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிடும்.

கையெழுத்துக்கு முன், 'எதெல்லாம் இதில் இல்லை' என்று எழுதி வாங்கிவிடுங்கள். தாம்பரத்தில் என் நண்பர் வாங்கவில்லை. வெளிப்பூச்சு இல்லாமலே கிரகப்பிரவேசம் நடந்தது. அவர் மனைவியின் நான்கு வளையல்கள் செப்டிக் டேங்க்காக மாறியிருந்தன.