வட்டம் சுத்துது, சர்வர் பாவம்

சிவகிரியில் உதவித்தொகைக்கோ கல்லூரிச் சேர்க்கைக்கோ விண்ணப்பம் போட கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்களுக்கு "சர்வர் டவுன்" என்ற ரெண்டு வார்த்தை நல்லாவே பழக்கம். சமர்ப்பி பொத்தானை அமுக்கினால் வட்டம் சுத்தும், சுத்தும், சுத்திக்கிட்டே இருக்கும். கடைசித் தேதி அன்றைக்கு இப்படி ஆனால் ஒரு வருஷப் பணமே போச்சு. ஆனால் எல்லா நேரமும் தப்பு சர்வர் மேல் இல்லை பாருங்க.

பொத்தானை அமுக்கியதும் உலாவி சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. பதிலோடு மூன்று இலக்க எண் ஒன்று வரும். 200 என்றால் சரி. 400 என்றால் அனுப்பினதில் ஏதோ கோளாறு. 403 என்றால் அனுமதி இல்லை. 500 என்றால் சர்வருக்குள்ளேயே பிரச்சினை. 504 என்றால் பின்னால் இருக்கும் இன்னொரு சர்வர் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை. சுருக்கமாக, 4-ல் ஆரம்பித்தால் கேட்டவர் பக்கம், 5-ல் ஆரம்பித்தால் கொடுப்பவர் பக்கம். குரோமில் எஃப்12 விசையை அமுக்கி நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் தோற்றுப்போன கோரிக்கைகள் சிவப்பாகத் தெரியும். வரிசையில் நிற்கிறவருக்குத் தெரிவது வட்டம் மட்டும்தான்.

பொட்டி தட்டுகிறவர்களுக்கு இது பழைய தலைவலி. ஒரே பக்கத்தை நூறு தடவை கையால் சோதிக்க முடியாது என்று 2004-ல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் கம்பெனியின் ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கியதுதான் செலினியம். உலாவியைத் தானே திறந்து, தானே க்ளிக் செய்யும். மெர்குரி என்ற போட்டிக் கம்பெனியைக் கிண்டலடிக்க, பாதரச விஷத்துக்கு மருந்து செலினியம் என்று வைத்த பெயராம் :-) பிறகு கூகுளின் பப்பெட்டீர் 2017-லும் மைக்ரோசாஃப்டின் பிளேரைட் 2020-லும் வந்தன. நம்ம நாட்டிலும் 2011-ல் மும்பையில் பிரவுசர்ஸ்டாக் ஆரம்பித்தது.

இதெல்லாம் எழுதிக் கொடுத்த வேலையை அப்படியே செய்யும். ஏன் தோற்றது என்று யோசிக்காது. நிரல் எழுதும் ஏஐக்கோ நேர்மாறான குறை. யோசிக்கும், ஆனால் தான் எழுதியது உலாவியில் எப்படி ஓடுகிறது என்று அதுக்குத் தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டின கதைதான். ஏஐயையும் வெளிக் கருவிகளையும் இணைக்கும் எம்சிபி என்ற பொது ஏற்பாடு 2024 நவம்பரில் வந்தது. 2025-ல் பிளேரைட்டும் குரோமும் அதற்கான கருவிகளை வெளியிட்டன. இப்போது ஏஐ ஏஜென்ட் தானே பக்கத்தைத் திறந்து, படிவத்தை நிரப்பி, எந்தக் கோரிக்கை தோற்றது, என்ன அனுப்பப்பட்டது, சர்வர் என்ன சொன்னது என்று படித்து, நிரலைத் திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்கும்.

சரி, ஒரு உதாரணம். நம்ம ஊரில் பெரும்பாலும் இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் சர்வர் 400 சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணமும் பதிலிலேயே இருக்கிறது, பக்கம்தான் அதைக் காட்டவில்லை. ஏஜென்ட் சில நொடியில் கண்டுபிடித்துவிடும். ஆனால் திருத்துவதற்கு ரெண்டு வழி உண்டு. காலிக் கட்டத்தில் ஒரு புள்ளியோ பெயரையே இன்னொரு தடவையோ போட்டு அனுப்பினால் சிவப்பு மறைந்து 200 வந்துவிடும். அப்புறம் ஆதாரில் ஒரு பெயர், இங்கே ஒரு பெயர், அலைவது மாணவர். இன்னொரு வழி, குடும்பப் பெயர் கட்டாயம் என்ற விதியையே சர்வரில் மாற்றுவது. எது சரி என்று நெட்வொர்க் பகுதியில் எழுதியிருக்காது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இருப்பாய்வு சமன் ஆகவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போடுவோம். அது தற்காலிகம். பிழையைத் தேடித் திருத்தப் பதிவு போட்டால்தான் வேலை முடிந்தது. இருப்பாய்வு சமன் ஆனாலும் கணக்கு சரி என்று அர்த்தமில்லை, அதில் தெரியாத பிழைகளும் உண்டு. 200-ம் அப்படித்தான். சிவப்பை மறைக்கச் சொன்னால் ஏஜென்ட் மறைத்துவிடும். பிழையைத் தேடச் சொல்ல வேண்டியதும், திருத்தியதைத் தணிக்கை செய்ய வேண்டியதும் மனிதர் பொறுப்பு.

இன்னொரு எச்சரிக்கை. உலாவியில் இருப்பதையெல்லாம் ஏஜென்ட்டால் பார்க்க முடியும். பேங்க் கணக்கு திறந்திருக்கும் உலாவியை அதன் கையில் கொடுக்கக் கூடாது. சோதனைக்குத் தனி உலாவிக் கணக்கும் பொய்த் தகவலும் போதும். நிஜ மாணவர்களின் ஆதார் எண் எதுக்கு?

கருவி வந்தாச்சு. இனிமேல் "சர்வர் டவுன்" என்று யாராவது சொன்னால், "என்ன நம்பர் வந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் சர்வர் நல்லாத்தான் இருக்கும்.