நான் குடிபுகுந்த கல்கத்தா

"ஊருக்கு எப்போது திரும்பப் போகிறாய்?" கும்பகோணத்துக்கு நான் போகும் போதெல்லாம் பந்துக்கள் என்னைக் கேட்கும் முதற் கேள்வி இது. "ஊருக்கு எப்போது திரும்புவீர்கள்?" கல்கத்தாவில் நான் ரயிலேறப் புறப்படும் போதெல்லாம் அண்டை அயலார் கேட்கும் கேள்வியும் இதுவேதான். முன்னவர்களுக்கு ஊர் என்றால் காவேரிக் கரை; பின்னவர்களுக்கு ஊர் என்றால் கங்கைக் கரை. இரண்டு கேள்விகளுக்கும் நடுவே நாற்பது வருஷங்களுக்கு மேல் எனக்குக் கழிந்துவிட்டன. இப்போது என் பெண் சென்னையிலிருந்து, "போதும் அப்பா, வந்து விடுங்கள்" என்று வாரந்தோறும் வற்புறுத்துகிறாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை யோசித்துக்கொண்டேதான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

1978-ஆம் வருஷத்தில், பாங்கி உத்தியோகம் ஒன்றை நம்பி, இரண்டு இரவும் ஒரு பகலும் ஹௌரா மெயிலில் பிரயாணம் செய்து நான் வந்து இறங்கினேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் பட்டது ஹௌரா பாலம். 1943-ல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் இருபத்தாறாயிரம் டன்னுக்கு மேல் எஃகு இருக்கிறது. ஆனால் திருகாணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் அறைந்து இறுக்கிய ஆணிகள் என்று டாக்ஸிக்காரர் பெருமையுடன் சொன்னார். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்தது என்னவென்றால், ஒரு டாக்ஸிக்காரர் தம் ஊர்ப் பாலத்தைப் பற்றி, தம் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறார் என்பதுதான்.

தமிழர்கள் கல்கத்தாவுக்கு வருவது புதிதன்று. ஸர் சி. வி. ராமன் 1907-ல் அரசாங்கக் கணக்கு இலாகா உத்தியோகஸ்தராகத்தான் இங்கே வந்தார். காலையும் மாலையும் பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞான சங்கத்தில் ஆராய்ச்சி செய்து, 1928-ல் உலகப் புகழ் பெற்ற தம் கண்டுபிடிப்பை அங்கேதான் நிகழ்த்தினார். ராஜாஜி 1947-ல் மேற்கு வங்காளத்தின் முதல் கவர்னராக வந்தார். பாரதியார் தம் குருவாகக் கொண்ட நிவேதிதா தேவியைத் தரிசித்ததும் இந்த நகரத்தில்தான். இத்தகைய பெரியோர்களின் வரிசையில் என்னைச் சேர்த்துக்கொள்ளும் துணிவு எனக்கில்லை. அவர்கள் பெயர் பெற்றார்கள். நானோ வந்தவுடன் என் பெயரையே இழந்தேன். வங்காளியின் நாவில் 'வ' என்ற எழுத்து 'ப' ஆகிவிடும். 'அ' என்ற ஒலி 'ஒ' ஆகிவிடும். என் தகப்பனார் ஆசையுடன் வைத்த பெயரை ஆபீஸ் சிப்பந்தி கூப்பிட்டபோது, யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் சும்மா இருந்துவிட்டேன்!

பாஷை விஷயத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வங்காளி தண்ணீரைக் குடிப்பதில்லை, சாப்பிடுகிறான். தேநீரையும் அவன் சாப்பிடுகிறான், சிகரெட்டையும் சாப்பிடுகிறான்! முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, "காப்பி சாப்பிடுகிறீர்களா?" என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வரும் நாம் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று அடக்கிக்கொண்டேன்.

லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு சந்தில் வீடு கிடைத்தது. ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய அந்தப் பகுதியில் தமிழர்கள் வெகு காலமாகக் குடியிருக்கிறார்கள். கறிவேப்பிலையும், வாழையிலையும், அரைத்த காப்பிப் பொடியும், தொடுத்த பூவும் அங்கே கிடைக்கும். ஆயினும் தமிழருக்குள்ளேயே முடங்கிக் கிடந்திருந்தால் நான் கல்கத்தாவைக் கண்டிருக்க மாட்டேன்.

அந்த நகரத்தின் ஒரு நாளைச் சொல்கிறேன். விடியற்காலையில் தெருக் குழாய்களைத் திறந்து கங்கை நீரைப் பாய்ச்சித் தெருவைக் கழுவுவார்கள். அந்த ஈரத் தரையின் மணத்தோடு மூலைத் தேநீர்க் கடையின் அடுப்புப் புகையும் கலந்து வரும். சிறிய மண் குவளையில் தேநீர் தருவார்கள். குடித்ததும் குவளையை எறிந்துவிட வேண்டும். காலணாப் பெறுமானமுள்ள பாத்திரமாயினும் ஒருவர் வாய் வைத்தது இன்னொருவருக்கு வராது. நம் ஊர் ஆசாரக்காரர்களும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஏற்பாடு! பிறகு டிராம். அவென்யூவின் நடுவில் புல் முளைத்த பாதையில் மணியடித்துக்கொண்டு அந்நாட்களில் அது வரும். முதல் வகுப்பில் மின்சார விசிறி இருந்தது. இரண்டாம் வகுப்பில் இருந்ததில்லை. டிக்கெட்டில் வித்தியாசம் சில காசுகளே. மாதக் கடைசியில் விசிறியைத் துறந்து, வியர்வையோடு இரண்டாம் வகுப்பில் போன உத்தியோகஸ்தர்களில் நானும் ஒருவன்.

மாலையில் ஒவ்வொரு வீட்டிலும் சங்கு ஊதுவார்கள். அதற்குப் பிறகு தொடங்குவது 'அட்டா'. இதற்குத் தமிழில் சரியான வார்த்தை இல்லை. திண்ணைப் பேச்சு என்றால் ஓரளவு பொருந்தும். வீட்டு வாசலை ஒட்டிய மேடையில் நாலு பேர் உட்கார்ந்து, கால்பந்து முதல் கடவுள் வரை எல்லாவற்றையும் விவாதிப்பார்கள். எதையும் முடிவு செய்ய மாட்டார்கள். முடிவு செய்துவிட்டால் நாளைக்குப் பேச என்ன இருக்கும்? அந்நாட்களில் தினந்தோறும் மின்சாரம் நின்று போகும். எல்லோரும் வீட்டை விட்டு வெளியே வந்து விடுவோம். மின்சாரம் இல்லாத அந்த இருட்டில்தான் என் அண்டை வீட்டார் ஒவ்வொருவரையும் நான் அறிந்துகொண்டேன்.

1981-ஆம் வருஷம் என் தகப்பனார் கங்கா ஸ்நானத்துக்காக வந்து சேர்ந்தார். வந்த அன்றே மூக்கைப் பிடித்துக்கொண்டார். "பிராம்மணர்கள் மீன் சாப்பிடும் ஊரில் எப்படியடா குடித்தனம் பண்ணுகிறாய்?" என்றார். கடுகெண்ணெய் வாசனை அவருக்கு ஆகவே ஆகாது. எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவர் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் தகப்பனாருக்கு வங்காளியோ இங்கிலீஷோ தெரியாது. இரண்டு நாள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். மூன்றாம் நாள் அவர் கீதையில் ஒரு சுலோகத்தைச் சொன்னார். என் தகப்பனார் அடுத்த சுலோகத்தைச் சொன்னார். உடனே சண்டை ஆரம்பமாயிற்று! வங்காளி உச்சரிப்பில் சம்ஸ்கிருதத்தைக் கேட்டு என் தகப்பனார் காதைப் பொத்திக்கொண்டார். தமிழ் உச்சரிப்பைக் கேட்டு அவரும் அப்படியே செய்தார். அன்று முதல் மாலைதோறும் இந்த யுத்தம் நடந்தது. ஐந்தரை மணிக்கு அவர் வரத் தாமதமானால் என் தகப்பனார் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார்.

ஆவணி மாதத்து மழை. மூன்று நாள் விடாமல் பெய்து சந்தெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர். நாலாம் நாள் விடியற்காலையில் என் தகப்பனாருக்கு மார்பு வலி கண்டது. வைத்தியரை அழைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்து விட்டது.

வீட்டில் நானும் என் மனைவியும் கைக்குழந்தையுமே இருந்தோம். அந்தத் தண்ணீரில் எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது என்று தோன்றாமல் நான் வாசற்படியில் நின்றேன். நான் யாரையும் கூப்பிடவில்லை. கால்பந்தைப் பற்றித் தொண்டை கிழியக் கத்தும் அந்தப் பேட்டைப் பையன்கள் தாமாகவே வந்தார்கள். மூங்கில் வந்தது, கயிறு வந்தது, பூ வந்தது. லேக் மார்க்கெட்டிலிருந்து தமிழ்ச் சாஸ்திரிகள் ஒருவரை சைக்கிள் ரிக்ஷா கிடைக்காமல் தோளைப் பிடித்து நடத்தி அழைத்து வந்தவனும் ஒரு வங்காளிப் பையனே. "ஹரி போல்" என்று கோஷமிட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் அவர்கள் என் தகப்பனாரைத் தூக்கிச் சென்றார்கள். தேசபந்து தாஸருக்கு 1925-ல் இறுதிக் கடன் நடந்த அதே கேவ்ராதலா மயானத்தில் என் தகப்பனாருக்கும் நடந்தது. அருகில் ஓடுவது கங்கையின் பழைய கால்வாய். ஆதி கங்கை என்று அதற்குப் பெயர். கங்கைக்காக வந்தவர் கங்கைக் கரையிலேயே தங்கிவிட்டார்.

திரும்பி வந்தபோது எதிர் வீட்டு அம்மாள் புது மண் சட்டியில், மீன் ஏறாத புது அடுப்பில் காய்ச்சிய பாலுடன் காத்திருந்தாள். "இதை உங்கள் மாமனார்கூடச் சாப்பிட்டிருப்பார், அம்மா" என்று என் மனைவியிடம் சொன்னாள். அன்று மாலை ஐந்தரை மணிக்கு உபாத்தியாயர் வழக்கம் போல வந்து எங்கள் வாசல் மேடையில் உட்கார்ந்தார். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னார். தம் உச்சரிப்பில் அல்ல. என் தகப்பனாரின் உச்சரிப்பில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். அதுவரையில் அழாத நான் அப்போதுதான் அழுதேன்.

கல்கத்தாவில் குறையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வேலை நிறுத்தம், ஊர்வலம், வெயில், வெள்ளம் எல்லாவற்றையும் அனுபவித்தாயிற்று. "மதராஸி" என்ற ஒரே பெயருக்குள் தெற்கேயுள்ள எல்லோரையும் அடைத்துவிடும் வழக்கமும் உண்டு. காலமும் மாறிவிட்டது. 1984-ல் இந்தியாவின் முதல் பாதாள ரயில் இங்கே ஓடிற்று. 2024-ல் அது கங்கைக்கு அடியிலேயே போகத் தொடங்கியது. அதே வருஷத்தில், ஒரு பாதையைத் தவிர மற்ற டிராம்களையெல்லாம் நிறுத்தப் போவதாக அரசாங்கத்தார் அறிவித்தார்கள். 1873-ல் குதிரை இழுத்த நாளிலிருந்து வந்த வண்டி அது. 2001-ல் நகரத்தின் பெயரே கொல்கத்தா ஆயிற்று. உபாத்தியாயர் காலமாகி வெகு நாளாயிற்று. அவரைத் தூக்கிச் சென்றவர்களில் நானும் ஒரு தோள் கொடுத்தேன்.

சித்திரை வருஷப் பிறப்பு நமக்கு வந்தால், பெரும்பாலும் மறுநாள் அவர்களுக்குப் பொய்லா பொய்ஷாக். இரண்டு நாளும் எங்கள் வீட்டில் பாயசம் உண்டு. இந்த வருஷம் அப்படிப் பாயசம் எடுத்துக்கொண்டு போன இடத்தில், சென்னைக்கே போய்விடலாமா என்ற யோசனையைச் சொன்னேன். உபாத்தியாயரின் பேரன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நான் விடை பெற்றபோது, "எஷோ" என்றான். 'வா' என்பது அதன் பொருள். வங்காளத்தில் விடை பெறுகிறவர் 'போகிறேன்' என்று சொல்ல மாட்டார். 'வருகிறேன்' என்றுதான் சொல்வார். நாமும் அப்படித்தானே?

என் பெண்ணுக்குப் பதில் எழுதிவிட்டேன். தை மாதம் சென்னைக்கு வருகிறோம், இரண்டு மாதம் இருப்போம், பிறகு ஊருக்குத் திரும்பி விடுவோம் என்று எழுதியிருக்கிறேன். எந்த ஊருக்கு என்று எழுதவில்லை. லேக் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்த அவளுக்கு அது தெரியும்.