ஓவர்லோடு ஏற்றினால் படகு சொல்லாது!

படகு வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் "எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்பார்கள். "தண்ணிக்குள்ள எவ்வளவு அமுங்கும்?" என்று கேட்டு வாங்குகிற கூட்டம் ஒன்று உண்டு. வேக்சர்ஃபிங் பைத்தியங்கள்! என் கணவர் அதில் ஒருவர். அவர் பலகையில் நிற்க, படகை ஓட்டுவது நான்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில் உள்ள ஆஸ்டின். கடல் இங்கிருந்து வெகுதூரம். ஆனால் ஊரை ஒட்டியே டிராவிஸ் ஏரி இருக்கிறது. டெக்சாஸின் கொலராடோ ஆற்றில் மான்ஸ்ஃபீல்டு அணை கட்டியதால் உருவான ஏரி. கோடை வந்தால் பாதி ஊர் அதில்தான் மிதக்கும். கடல் இல்லாத ஊரில் கடல் அலையில் சறுக்கும் ஆசையைத் தீர்த்துக்கொள்ள வழி, வேக்சர்ஃபிங்.

தண்ணீர்ச் சறுக்கு பார்த்திருப்பீர்கள். படகு சீறிப் பாயும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின்னால் வழுக்கிக்கொண்டே போவார். இது அப்படியல்ல. படகு மணிக்கு 16 முதல் 18 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். நம் ஊர் சைக்கிள் வேகம். எழுந்து நிற்கும் வரைதான் கயிறு. நின்றதும் கயிற்றை விட்டுவிட்டு, படகு கிளப்பும் அலையின் மேலேயே சறுக்கிக்கொண்டு வருவார்கள். படகுக்கும் ஆளுக்கும் இடையே சில அடி தூரம்தான்.

அந்தச் சில அடிதான் படகைத் தேர்ந்தெடுப்பதில் முதல் கேள்வி. புரொபெல்லர் எங்கே இருக்கிறது?

இரண்டு குடும்பங்கள் பணம் சேர்த்து, பழைய படகு ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்தோம். புதிய பெரிய படகுகள் ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டும். அது நமக்கு ஆகாது. தேடும்போது, பின்னால் அவுட்போர்டு மோட்டார் தொங்கும் படகு ஒன்று மலிவாக வந்தது. விற்றவர், "இதிலும் சர்ஃப் பண்ணலாம்" என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டோம். அந்த வகைப் படகில் புரொபெல்லர் வெளியே, பலகையில் இருப்பவரின் காலுக்கு அருகிலேயே சுற்றும். வேக்சர்ஃபிங்குக்கு உரியவை புரொபெல்லரைப் படகின் அடிவயிற்றில், பின்விளிம்புக்கு நன்றாக உள்ளே தள்ளி வைத்த இன்போர்டு படகுகள். புரொபெல்லர் முன்பக்கம் பார்த்தபடி இருக்கும் 'ஃபார்வர்டு டிரைவ்' வகையை 2015-ல் வால்வோ பென்டா கொண்டுவந்தது. அதுவும் சரி. இந்த இரண்டும் இல்லையென்றால் படகு எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

அடுத்தது, எடை.

படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கிக்கொண்டு மிதக்கிறது. பள்ளியில் படித்த ஆர்க்கிமிடிஸ்தான். மெதுவாகப் போகும்போது தண்ணீரில் ஒரு பள்ளம் தோண்டிக்கொண்டே போகிறது. விலகிய தண்ணீர் திரும்ப வந்து அந்தப் பள்ளத்தை மூடும்போது அலை எழும்புகிறது. எடை கூடினால் பள்ளம் ஆழம், அலை உயரம். அதனால்தான் இந்தப் படகுகளில் வேண்டுமென்றே எடை ஏற்றுகிறார்கள். அடித்தளத்தில் தொட்டிகள் இருக்கும். பம்பு போட்டால் ஏரித் தண்ணீரே உள்ளே வந்து நிரம்பும். இதை 'பாலாஸ்ட்' என்பார்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கு சுலபம்.

முன்பெல்லாம் சர்ஃப் செய்யும் பக்கத்தில் மட்டும் எடையைக் குவித்து, படகையே சாய்த்து ஓட்டுவார்கள். பத்துப் பன்னிரண்டு வருடங்களாக நிலைமை மாறிவிட்டது. மாலிபு, நாட்டிக் போன்ற நிறுவனங்கள் பின்பக்கம் சிறு கதவுகள், தகடுகள் வைத்து, தண்ணீர் ஒரு பக்கத்தில் சற்றுத் தாமதமாக மூடும்படி செய்துவிட்டன. பட்டனைத் தட்டினால் அலை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாறும். என் கணவர் இடது காலை முன்வைத்து நிற்பவர், அவருக்கு இடப்பக்க அலை. மகள் வலது காலை முன்வைப்பவள், அவளுக்கு வலப்பக்கம். நல்லவேளை, இதற்கு வீட்டில் சண்டை இல்லை.

எடையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். பின்னால் ஏற்றினால் அலை உயரமாக எழும், ஆனால் நீளம் குறையும். முன்னால் கொஞ்சம் சேர்த்தால் அலை நீண்டு, சறுக்க இடம் கிடைக்கும். கூடுதல் எடைக்குச் சிலர் ஈயக்கட்டி நிரப்பிய மூட்டைகளை வைப்பார்கள். நாங்கள் தண்ணீர்ப் பைகளோடு நிறுத்திக்கொண்டோம். காரணம் இருக்கிறது. படகுக்குள் ஏரித் தண்ணீர் புகுந்துவிட்டால், பைக்குள் இருக்கும் தண்ணீர் அதற்குமேல் படகைக் கீழே இழுக்காது. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை ஏது? ஈயம் அப்படியில்லை, அடிவரை இழுத்துக்கொண்டு போகும். தவிர, தண்ணீரைப் பம்பு போட்டு இறக்கலாம். ஈயத்தைக் கையால் தூக்கித்தான் எறிய வேண்டும்.

நாங்கள் வாங்கியது 23 அடிப் படகு. சின்னப் படகிலும் இதே எடையை ஏற்றி அலை கிளப்பலாம். ஆனால் தண்ணீர் மட்டத்துக்கும் படகின் விளிம்புக்கும் இடையே மிச்சம் இருக்கும் உயரம் சட்டென்று குறைந்துவிடும். பெரிய படகு அதே எடையைத் தாங்கிக்கொண்டு, விளிம்பையும் தலைக்குமேல் வைத்திருக்கும். அந்த மிச்ச உயரத்துக்குத்தான் கூடுதல் பணம் கொடுத்தோம் என்று சொல்வேன்.

டாஷ்போர்டு பக்கத்தில் ஒரு சின்னத் தகடு. '15 பேர் அல்லது 2,100 பவுண்டு' என்று போட்டிருக்கும். அதாவது சுமார் 950 கிலோ. ஏறுகிறவர்கள் எல்லோரும் '15 பேர்' வரை படிப்பார்கள். 'அல்லது' என்ற சொல்லுக்குப் பிறகு யாரும் படிப்பதில்லை. 950-ஐ 15-ஆல் வகுத்தால் ஆளுக்கு 63 கிலோ. நம் குடும்பத்தில் கல்யாணமான ஆண்களில் 63 கிலோ யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்?

எங்கள் படகின் கையேட்டின்படி, கம்பெனியே பொருத்திய தொட்டித் தண்ணீர் இந்த 950-ல் சேராது. நாமாக வைக்கும் பைகள் சேரும். இது படகுக்குப் படகு மாறும், கையேட்டைப் படித்தே ஆக வேண்டும். எங்களிடம் 180 கிலோ கொள்ளும் பைகள் இரண்டு, பின்பக்கம் இரு ஓரமும். இரண்டும் நிரம்பினால் 360 போய்விட்டது. மிச்சம் 590.

யாரிடமும் எடை கேட்பதில்லை என்று முதல் நாளே தீர்மானித்துவிட்டேன். பெண்களிடம் வயது கேட்டாலாவது மன்னிப்பார்கள்! கையில் கொண்டுவரும் பையோடு சேர்த்துப் பெரியவர்களுக்கு 90, குழந்தைகளுக்கு 45. இரண்டு பெரியவர்கள் கூடுதலாக ஏறினால் ஒரு தண்ணீர்ப் பை காலி. பாதிப் பாதியாக வைப்பதில்லை. அரைகுறையாக நிரம்பிய தண்ணீர், திரும்பும்போது ஒரே பக்கம் ஓடிப் படகைச் சாய்க்கும்.

கணக்கு இவ்வளவுதான். கஷ்டம் கணக்கில் இல்லை, உறவில்.

போன கோடையில் மாமாவும் மாமியும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். மாமா நெல் மண்டி வைத்திருந்தவர். ஒரு சனிக்கிழமை இரண்டு குடும்பங்களும் சேர்ந்து 7 பெரியவர்கள், 5 குழந்தைகள். 855 கிலோ. பைகள் இரண்டும் காலியாக இருந்தால் சரியாக இருக்கும். படகுத்துறையில் பார்த்தால், மாமாவின் பழைய சிநேகிதரும் அவர் மனைவியும் சான் அன்டோனியோவிலிருந்து வந்து நிற்கிறார்கள். கையில் புளியோதரை டப்பா வேறு. மாமாதான் கூப்பிட்டிருக்கிறார். 1,035!

"நெருக்கி உக்காந்துக்கலாம்மா. டவுன் பஸ்ஸுல போகாததா?" என்றார் மாமா. சொல்லிக்கொண்டே படகின் மூக்குப் பகுதிக்குப் போய், காற்று வாங்க வசதியாக உட்கார்ந்தார். நண்பரையும் அங்கே வரும்படி கை காட்டினார்.

அங்கேதான் எனக்கு வயிறு கலங்கியது. இந்தப் படகுகளில் தண்ணீர் புகுவது பெரும்பாலும் முன்பக்கமாகத்தான். விழுந்தவரை ஏற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துத் திரும்புவோம். நாமே கிளப்பிய அலை எதிரே வரும். மூக்கில் நாலு பேர் கனமாக உட்கார்ந்திருந்தால், அந்த அலை மேலே ஏறாமல் நேராக உள்ளே வரும். 2020 செப்டம்பரில் இதே ஏரியில் ஒரு படகு ஊர்வலம் நடந்தது. ஏராளமான படகுகள் ஒன்றாகக் கிளம்பியதில் எழுந்த அலைகளில் சில படகுகள் மூழ்கியே போயின.

வீட்டுக்கு வந்த மாமனாரை, அதுவும் சிநேகிதர் எதிரில், மருமகள் எழுந்திருக்கச் சொல்வது எப்படி? கணவரைப் பார்த்தேன். அவர் பலகைக்கு மெழுகு தேய்ப்பதில் மும்முரமாகிவிட்டார்.

"மாமா, எல்லாரும் ஒரே தடவையில போக முடியாது. ரெண்டு ட்ரிப்பா போகலாம்" என்றேன்.

"வந்தவங்கள எறங்கச் சொல்றதாம்மா?" முகம் சுருங்கிவிட்டது.

தகட்டைக் காட்டினேன். கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார். "லாரியில ஓவர்லோடு ஏத்தினா டயர் சொல்லும். பட்டை சொல்லும். இது எதுல சொல்லும்?"

"சொல்லாது மாமா. மூக்கு உள்ள போறப்பதான் தெரியும்."

மண்டிக்காரருக்கு அது போதுமாக இருந்தது. "சரி, பிள்ளைங்க மொதல்ல போகட்டும்" என்று அவரே இறங்கினார். மாமியும் விருந்தாளிகளும் அவரோடு மரநிழலில் உட்கார்ந்தார்கள். 5 பெரியவர்கள், 5 குழந்தைகள். 675. இப்போது ஒரு பைக்கு இடம் கிடைத்தது. இடப்பக்கப் பையை மட்டும் நிரப்பினேன். என் கணவருக்கு அன்று நல்ல அலை. இரண்டாவது ட்ரிப்பில் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு, சர்ஃபிங் இல்லாமல், தொட்டிகளைக் காலி செய்துவிட்டு நிதானமாகச் சுற்றினோம். மாமா நடுவில் உட்கார்ந்து, யார் எங்கே உட்கார வேண்டும் என்று எல்லோருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டு வந்தார். மாமி மட்டும், "மண்டியில மூட்டைய நிறுத்தின மாதிரி எங்கள நிறுத்திட்டா" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும்.

வேறு சில விதிகளும் வைத்திருக்கிறோம். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஓடும் படகில் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். எங்கள் படகில் எல்லோருக்கும் அது உண்டு. எஞ்சின் ஓடும்போது பின்பக்கப் பலகையில் யாரும் உட்காரக் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பின்னால் இருக்கும் யாராவது "தலை வலிக்குது" என்றால் வெயில் என்று தள்ளிவிடாமல் உடனே எஞ்சினை நிறுத்தி, நல்ல காற்றுக்கு அழைத்து வந்துவிடுவோம்.

நாம் ஏற்றும் எடை நம்மோடு முடிவதும் இல்லை. அந்த அலை கரைவரை போகிறது. அடுத்தவரின் படகுத்துறையை ஆட்டுகிறது, கரையை அரிக்கிறது. கரையிலிருந்து 500 அடிக்கு மேல் தள்ளி ஓட்ட வேண்டும் என்று மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வு 2022-ல் சொன்னது. வெர்மான்ட் மாநிலம் 2024-ல் அதையே விதியாக்கிவிட்டது. நாங்களும் ஏரியின் அகலமான நடுப்பகுதியில்தான் ஓட்டுகிறோம். கிளம்பும்போது தொட்டித் தண்ணீரையெல்லாம் இறக்கிவிடுவோம். டிராவிஸ் ஏரியில் 2017-ல் ஜீப்ரா மஸல் என்ற சிப்பி பரவியிருப்பது தெரியவந்தது. அதன் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் தொட்டியின் மிச்சத் தண்ணீரில் ஒளிந்து அடுத்த ஏரிக்குப் போய்விடும்.

படகு வாங்க நினைக்கும் நண்பர்கள் இப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். எத்தனை கிலோ பாலாஸ்ட் கொள்ளும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் விசாரிக்கிறார்கள். பம்பைப் போட்டு, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீர் முழுவதும் எத்தனை நிமிடத்தில் வெளியேறுகிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள் என்பேன்.