வண்டி நிற்கும் மாதம்: ஒரு லாரி டிரைவரின் நாட்குறிப்பு

அக்டோபர் 1, 2025, புதன், ஆயுத பூஜை. நாமக்கல்.

ஷெட்டில் எல்லா வண்டிக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பூசணிக்காய் உடைத்து முடித்ததும் ஓனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் பத்து வீல் வண்டி டிரைவர் இல்லாம நிக்குது. மாசம் 45,000 குடுத்துட்டு நீயே எடுத்து ஓட்டிக்க. லோடு வாடகை பூரா உனக்கு. தீபாவளிக்குள்ள சொல்லீரு."

வீட்டில் மச்சினன் வேறு விதமாகச் சொன்னான். "இன்னொருத்தரு வண்டிக்கு எதுக்குங்க மாமா காசு கட்டோணும்? ஜிஎஸ்டி கொறஞ்சிருக்குது. புது வண்டியே போட்டுருங்க." சங்ககிரியில் இருக்கும் நண்பன் இரண்டுமே வேண்டாம், நல்ல பழைய வண்டி பார்க்கலாம் என்கிறான்.

சேமிப்பும் ஏலச்சீட்டுப் பணமும் சேர்த்துக் கையில் 5 லட்சம் இருக்கிறது. சொந்தமாக ஓட்ட வேண்டும் என்பதில் எனக்கு மாற்று எண்ணம் இல்லை. எந்த வழியில் என்பதுதான் கேள்வி.

ஒன்றை மட்டும் இப்போதே எழுதி வைக்கிறேன். எந்த வண்டியும் சில நாள் நிற்கும். லோடு இல்லாமல் நிற்கும், எப்.சி.க்கு (தகுதிச் சான்று வாங்க) நிற்கும், இன்ஜின் வேலைக்கு நிற்கும். 2018 ஜூலையில் லாரி ஸ்டிரைக் எட்டு நாள் நடந்தது. 2020 ஊரடங்கில் ரிசர்வ் வங்கி ஆறு மாதம் கடன் டியூவைத் தள்ளிப்போட அனுமதித்தது. ஆனால் அந்த ஆறு மாத வட்டி தள்ளுபடி ஆகவில்லை, ஏறிக்கொண்டே இருந்தது. வண்டி நிற்கும் மாதத்தின் பணம் யார் தலையில் விழுகிறது என்று ஒவ்வொரு வழிக்கும் கேட்கப்போகிறேன்.

அக்டோபர் 3, வெள்ளி.

மச்சினனோடு ஷோரூம் போனேன். செப்டம்பர் 22 முதல் லாரிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது. டயருக்கும் அப்படியே. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மேல் இருந்த 12 சதவீதம் 5 ஆகிவிட்டது. இந்த வருஷம் ஜூன் 8க்குப் பிறகு தயாரான லாரிகளில் கேபின் ஏ.சி. கட்டாயம். மே மாத வெயிலில் விஜயவாடா தாண்டி ஓட்டியவனுக்கு அதன் அருமை தெரியும். புது வண்டியில் உட்கார்ந்தபோது மனசு அங்கேயே நின்றுவிட்டது உண்மை.

பைனான்ஸ்காரர் கணக்குச் சொன்னார். 30 லட்சம் கடன், 60 டியூ, மாதம் 65,000, "வட்டி வெறும் 6 பர்சென்ட்தான்." வீட்டுக்கு வந்து பெருக்கிப் பார்த்தேன். மொத்தம் கட்டுவது 39 லட்சம், வட்டி மட்டும் 9 லட்சம். இது பிளாட் வட்டி. பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் முழு 30 லட்சத்துக்கும் வட்டி ஓடும். குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்ற முறையில் போட்டால் 11 சதவீதத்தை ஒட்டி வருகிறது. உண்மையான ஆண்டு வட்டி எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதித் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதி. எங்கே கடன் வாங்கினாலும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் பேச வேண்டும்.

இன்னொரு விஷயம். சேஸிஸ் எடுத்து நம் ஊர்ப் பட்டறையில் பாடி கட்டினால் அதற்குச் சில வாரம் பிடிக்கும். வண்டி முதல் லோடு ஏற்றும் நாளில் இருந்து டியூ தொடங்குவதில்லை. கடன் பணம் வெளியே வந்த நாளில் இருந்து தொடங்கிவிடும். கையில் இருக்கும் 5 லட்சம் முன்பணத்துக்கே பத்தாது. வண்டி நிற்கும் மாதத்தில் 65,000 எங்கிருந்து வரும்? கம்பெனி ஒப்பந்த லோடு வைத்திருப்பவருக்குப் புது வண்டி சரி. எனக்கு அது இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு.

மனைவியோடு உட்கார்ந்து நோட்டில் இரண்டு பத்தி போட்டோம். ஓடினால் வரும் செலவு ஒரு பக்கம், நின்றாலும் வரும் செலவு மறுபக்கம்.

ஓடினால்: பத்து வீல் வண்டி லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர். 1,000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 23,250. அதன் மேல் டோல், படி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, புக்கிங் ஆபீஸ் கமிஷன், டயர் தேய்மானம்.

நின்றாலும்: டியூ. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இந்த எடை வண்டிக்கு வருஷம் 43,950, வரி தனி. வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான இன்சூரன்ஸ் தனி. நேஷனல் பெர்மிட் வருஷம் 16,500. காலாண்டு வரி. எப்.சி. செலவு.

இரண்டு பத்தியையும் பார்த்துவிட்டு அவள் கேட்டாள். "ஏனுங்க, ஓடற செலவ லோடு குடுத்துரும். நிக்கற செலவ ஆரு குடுப்பாங்க?"

நான் முதல் நாள் எழுதிய கேள்வியையே இவ்வளவு சுருக்கமாகக் கேட்டுவிட்டாள். இனி எந்த வண்டியைப் பார்த்தாலும் இரண்டாவது பத்தியைத்தான் முதலில் நிரப்ப வேண்டும்.

அக்டோபர் 7, செவ்வாய். சங்ககிரி.

நண்பன் புரோக்கரோடு பழைய வண்டி காட்டினான். 2017 மாடல், பத்து வீல், 15 லட்சம் சொல்கிறார்கள்.

பழைய வண்டிக்குக் கடன் கிடைப்பது நம் பக்கத்தில் புதிதல்ல. வங்கிகள் ஏறெடுத்துப் பார்க்காத லாரி டிரைவர்களுக்குப் பழைய வண்டி வாங்கக் கடன் கொடுத்தே 1979இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் நிறுவனம் வளர்ந்தது. இன்று ஓனர்களாக இருக்கும் பலர் அப்படி ஸ்டியரிங்கில் இருந்து வந்தவர்கள்தான். ஆனால் பழைய வண்டிக்கு வட்டி கூடுதல். 10 லட்சம் கடன், பிளாட் 10 சதவீதம், 48 மாதம் என்றார்கள். டியூ 29,167. குறையும் பாக்கி முறையில் இது 17 அரை சதவீதத்துக்குப் பக்கம்.

வண்டியின் வயதை நன்றாகப் பார்க்க வேண்டும். மல்ட்டி ஆக்சில் வண்டிக்கு 15 வருஷம் வரைதான் நேஷனல் பெர்மிட், ஆறு வீல் வண்டிக்கு 12 வருஷம். இந்த வண்டிக்கு 2032 வரை இருக்கிறது. டியூ 2029இல் முடிந்தால் கடனில்லாமல் வெளி மாநிலம் ஓட்ட மூன்று வருஷம் கிடைக்கும். அந்த மூன்று வருஷம்தான் உண்மையான லாபம். எட்டு வருஷம் தாண்டினால் எப்.சி. வருஷா வருஷம் காட்ட வேண்டும், அதற்குச் சில நாள் வண்டி நிற்கும்.

எடையையும் பார்க்க வேண்டும். 2018 ஜூலையில் பத்து வீல் வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. அதற்கு முந்தைய வண்டி என்பதால் ஆர்.சி.யில் எது பதிவாகியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். மூன்றரை டன் வித்தியாசம் ஒவ்வொரு லோடிலும் பணமாகத் தெரியும்.

தெரிந்த மெக்கானிக் இன்ஜினைக் கேட்டுப் பார்த்தார். "இப்ப ஓடும் தம்பி. ஆனா ஒரு வருஷத்துல இன்ஜின் பிரிக்கற வேல வரும்" என்றார். அந்தச் செலவும், அந்த நாட்களின் டியூவும் என்னுடையது.

அக்டோபர் 8, புதன்.

டீக்கடையில் நாலாவது வழி ஒன்று வந்தது. முன்பணம் ஒன்றரை லட்சம் மட்டும். ஆர்.சி. வண்டியை விற்பவர் பெயரிலேயே இருக்கும், மீதி டியூவை நான் கட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும், முடிந்ததும் பெயர் மாற்றித் தருவாராம். கேட்க எளிதாக இருக்கிறது. நம் பக்கத்தில் நிறைய வண்டி இப்படி ஓடுகிறது.

இதை நான் தொடப்போவதில்லை. எங்கள் தெருவில் ஒருவர் இப்படித்தான் ஒழுங்காக டியூ கட்டி ஓட்டினார். ஆர்.சி.யில் இருந்தவர் அதே பைனான்ஸில் வாங்கிய வேறு கடனைக் கட்டவில்லை என்று இந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கட்டிய பணத்துக்கு இவர் கையில் ஒரு ரசீதுகூட இவர் பெயரில் இல்லை. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே கண்டித்திருக்கிறது. ஆனால் வழக்குப் போடக் கடன் ஒப்பந்தத்தில் நம் பெயர் இருக்க வேண்டுமே.

விற்பவருக்கும் இது ஆபத்து. கைமாறிவிட்டாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முறையான வழி ஒன்றுதான். பைனான்ஸ் கம்பெனியின் சம்மதத்தோடு கடனையும் ஆர்.சி.யையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பாரம் 29, 30 இரண்டையும் நிரப்பிக் கொடுக்க வேண்டும். கடன் முடிந்த வண்டியானால் பாரம் 35 கொடுத்து ஆர்.சி.யில் இருக்கும் எச்.பி.யை (பைனான்ஸ் கடன் குறிப்பை) நீக்கியிருக்க வேண்டும்.

அக்டோபர் 10, வெள்ளி.

ஓனரோடு மாலை முழுக்கப் பேசினேன். மரியாதையாக, ஆனால் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு கேட்டேன். முடிவானவை:

வாடகை மாதம் 45,000. இன்சூரன்ஸ், பெர்மிட், வரி, எப்.சி. எல்லாம் அவர் பொறுப்பு. இன்ஜின், கியர்பாக்ஸ், ஹவுசிங் வேலையும் அவருடையது. ஆயில், பஞ்சர், பிரேக் லைனிங் என்னுடையது. டயர் தேய்மானத்தை எடுக்கும்போதும் விடும்போதும் இருவரும் சேர்ந்து அளந்து கணக்குத் தீர்ப்போம். பாஸ்டேக் வண்டி நம்பரோடு போவதால் அவருடைய டேக்கில் நான் ரீசார்ஜ் செய்வேன். எடுக்கும் தேதியிலிருந்து வரும் அபராதச் சலான்கள் என்னுடையவை.

நான் விட்டுக்கொடுக்காதது ஒன்று. எப்.சி.க்கோ, அவர் பொறுப்பில் உள்ள வேலைக்கோ வண்டி நின்றால் நாளுக்கு 1,500 வாடகையில் கழிய வேண்டும். முதலில் தயங்கினார். "லோடு இல்லாம நின்னா என் பாடுங்கண்ணா. வண்டிக் கோளாறுல நின்னா உங்க பாடு" என்றேன். ஒப்புக்கொண்டார். ஒரு வருஷம் கழித்து என்ன விலைக்குத் தருவார் என்று இப்போதே எழுதித் தர மட்டும் ஒப்பவில்லை. அது அவர் உரிமை.

இதை முத்திரைத்தாளில் எழுதி இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறேன். லீஸ் ஒப்பந்தத்தில் வண்டியைக் கைவசம் வைத்திருப்பவரையே மோட்டார் வாகனச் சட்டம் உரிமையாளர் என்கிறது. விபத்து என்றால் கேள்வி என்னிடமும் வரும்.

பேசும்போது இன்னொன்றும் தெளிவானது. மும்பை ரோடும் கல்கத்தா ரோடும் எனக்குத் தெரியும். ஆனால் ரிட்டர்ன் லோடு பேசுவது, பாலன்ஸ் வாடகையை வசூலிப்பது, எந்த புக்கிங் ஆபீஸ் இழுத்தடிக்கும் என்று அறிவது எல்லாம் இதுவரை ஓனரின் போனில் நடந்தவை. வண்டியை ஓட்டுவது ஒரு தொழில், வண்டியை வைத்துப் பிழைப்பது வேறு தொழில். இரண்டாவதை டியூவின் நெருக்கடியில் கற்கக் கூடாது.

அக்டோபர் 12, ஞாயிறு.

கடைசிக் கணக்கு. வாடகை வருஷத்துக்கு 5 லட்சத்து 40,000. பழைய வண்டியில் முதல் வருஷ வட்டி மட்டும் 1 லட்சத்து 60,000. இன்சூரன்ஸ், பெர்மிட், வரி சேர்த்து ஒரு லட்சம். வண்டி விலை இறங்குவது ஒன்றரை லட்சம் என்று என் கணிப்பு. பெரிய வேலைக்கு ஒதுக்குவது ஒரு லட்சத்துக்குக் குறையாது. ஆக 5 லட்சத்தைத் தாண்டுகிறது. மாதம் 45,000 என்பதை 29,167ஓடு பக்கத்தில் வைத்தால் வாடகை அதிகம்போலத் தெரியும். முழுக் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம், இன்ஜின் பிரியும் மாதத்தில் யார் அழுவது என்பதில் இருக்கிறது.

அதனால் முடிவு: ஒரு வருஷம் வாடகை வண்டி. 5 லட்சத்தைத் தொடுவதில்லை. வருமானத்தைப் பேங்க் கணக்கிலேயே வாங்கி, வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்வேன். அடுத்த கடனுக்கு அதுதான் சாட்சி. பிறகு பாதிக்குப் பாதி சொந்தப் பணம் போட்டுப் பழைய பத்து வீல் வண்டி. பழைய வண்டியில் கடன் தீர்ந்த பிறகு புது வண்டி பற்றிப் பேசலாம். மனைவி சரி என்றாள். மச்சினனுக்கு வருத்தம்தான், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு மறுத்துப் பேசவில்லை.

சொந்த வண்டி ஆசையோடு கேபினில் உட்கார்ந்திருக்கும் தம்பிகள் கேட்டால் நான் சொல்வது இதுதான். நல்ல மாத வருமானத்தை வைத்து டியூவை முடிவு செய்யாதீர்கள், மோசமான மாதத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பிளாட் வட்டியை நம்பாதீர்கள், உண்மை வட்டியை எழுதி வாங்குங்கள். உங்கள் பெயர் இல்லாத காகிதத்துக்கு ஒரு டியூகூடக் கட்டாதீர்கள். முன்பணம் கொடுத்த பிறகும் மூன்று மாத டியூ கையில் மிச்சம் இருந்தால் வண்டி வாங்குங்கள். இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள்.