விண்ணிலிருந்து பார்த்தால் விளங்கும் உறவு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைச் சுற்றிப் பார்க்கச் செல்வோர் அங்கே கடலைத் தேடுவதில்லை. கரிசல் வயல்களும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளுமே கண்ணில் படும். ஆயினும், செயற்கைக்கோள் எடுத்த படமொன்றை விரித்து வைத்துப் பார்த்தால், இம்மண்ணுக்கும் கடலுக்கும் உள்ள உறவு நன்கு விளங்கும்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். நம் மக்கள் நிறைந்து வாழும் லெப்பைக்குடிக்காட்டைத் தழுவிச் செல்லும் வெள்ளாறு, அதே போன்ற மற்றோர் ஊரான பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. திருமழபாடியைக் கடந்து செல்லும் கொள்ளிடம், பழையாறு அருகே கடலை அடைகிறது. இவ்விரு முகத்துவாரங்களுக்கும் இடையில்தான் பிச்சாவரம் இருக்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள். அவற்றைச் சுற்றிலும் வலைபோல் பின்னிய உப்பங்கழிகள்.

1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ். 1ஏ முதலாக, நம் நாட்டுச் செயற்கைக்கோள்கள் இக்கரையைப் படமெடுத்து வருகின்றன. தாவரங்களைச் சிவப்பாகக் காட்டும் படங்களில் அலையாத்திக் காடு செந்நிறத் திட்டாகத் தெரியும். வெள்ளக் காலத்தில் ஆறுகள் கொணரும் வண்டல், கருநிறக் கடலில் வெளிறிய புகைபோல் பரவி நிற்கும். உள்நாட்டு ஊர்களைக் கடந்து வந்த அந்த மண்ணே தீவுகளுக்கு அடித்தளம்.

இது புதிய நிகழ்ச்சியன்று. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்தில் கடல் பரவியிருந்தது. அக்காலத்தில் வண்டலில் புதையுண்ட மரமொன்று, கல்லாக மாறி, 18 மீட்டர் நீளத்தில் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் இன்றும் கிடக்கிறது. புவியியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதனை உலகறியச் செய்தார்.

இன்றோ, 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையைப் போன்ற நீர்த்தேக்கங்களில் வண்டலின் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. ஆற்று மணலும் அள்ளப்படுகிறது. மண் வரத்துக் குறைந்தால் கடல் கரையை அரிக்கத் தொடங்கும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, அதன் வேகத்தைத் தணித்துப் பின்னாலிருந்த சிற்றூர்களைக் காத்தது பிச்சாவரத்து அலையாத்திக் காடே. ஆகவே, மேலே ஆற்றில் வாரப்படும் மணல், கீழே கரையில் வாழும் குடும்பங்களின் பாதுகாப்போடு தொடர்புடையது.

விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் முதலில் சாத்தனூர்க் கல்மரத்தைக் காட்டுங்கள். பிறகு பிச்சாவரத்தில் படகேறுங்கள். ஆறு செய்யும் வேலையின் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் ஒரே பயணத்தில் அவர்கள் கண்டுகொள்வார்கள்.